பதில் சொல்லும் அவசரத்தை அடக்குதல்: தத்துவ ஆலோசனைக்கு வேண்டிய மனப்பாங்குகள்

"அண்ணனுக்கு ரெண்டு லட்சம் கொடுத்தேன். மூணு வருஷம் ஆச்சு. கேட்டா உறவு போயிடுமோன்னு இருக்கு. திருப்பிக் கேட்கலாமா கூடாதான்னு தெரியல." ஒருவர் உங்களிடம் வந்து இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் நம் வாயில் மூன்றில் ஒன்று வந்து நிற்கும். "கேட்டுடுங்க, உங்க பணம்" என்பது அறிவுரை. "விடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்பது ஆறுதல். "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்பது நம் சொந்தக் கதை. மூன்றும் அக்கறையில் பிறப்பவைதான். ஆனால் மூன்றுமே வந்தவரின் யோசனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகின்றன. அவருடைய கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வியைத் திறந்து பார்ப்பதுதான் தத்துவ ஆலோசனை. கடன் என்றால் என்ன, உதவி என்றால் என்ன, உறவு "போவது" என்றால் எது போவது, "கூடாது" என்று சொல்வது யார் என்று வந்தவரே யோசிக்க, இன்னொருவர் கேள்விகளால் துணை நிற்கிறார். முடிவு வந்தவருடையது. ஆலோசகர் தருவது தெளிவாக யோசிப்பதற்கான இடமும் நேரமும் எதிர்ப்பும். எதிர்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இது எங்கிருந்து வந்தது

தொழில்முறையாக இதைத் தொடங்கியவர் ஜெர்மன் மெய்யியலாளர் கெர்ட் ஆகென்பாக். 1981இல் ஜெர்மனியில் கொலோன் நகரை அடுத்த பெர்கிஷ் கிளாட்பாக் என்ற ஊரில், மருத்துவர் கிளினிக் வைப்பதுபோல, மெய்யியலுக்கென்று ஓர் அறையைத் திறந்தார். அடுத்த ஆண்டே அதற்கான சங்கமும் உருவானது. 1992இல் பிரெஞ்சு மெய்யியலாளர் மார்க் சோத்தே பாரிஸில் பஸ்டீல் சதுக்கத்து காபிக் கடையொன்றில் பொதுமக்களோடு ஞாயிறு உரையாடல்களைத் தொடங்கினார். 1994இல் ரான் லஹாவ், லூ மரினாஃப் என்ற மெய்யியலாளர்கள் இருவரும் முன்னின்று கனடாவின் வான்கூவரில் முதல் சர்வதேச மாநாட்டை நடத்தினார்கள்.

குழுவாக யோசிக்கும் முறைக்கு வேர் இன்னும் பழையது. ஜெர்மன் மெய்யியலாளர் லியோனார்ட் நெல்சன் 1922இல் கோட்டிங்கனில், கேள்விகளாலேயே யோசிக்கவைக்கும் சாக்ரடீஸின் முறையைப் பற்றி ஆற்றிய உரையும், அவருடைய மாணவர் குஸ்தாவ் ஹெக்மன் பின்னாளில் ஹனோவரில் அதைச் செம்மைப்படுத்தியதும் இன்றைய சாக்ரடிய உரையாடல் குழுக்களுக்கு அடித்தளம்.

இதில் ஆகென்பாக் சொன்ன ஒன்று தொடக்கநிலையில் இருப்பவர்களைக் குழப்பும். தனக்கென்று நிலையான முறை கிடையாது, முறைகளையே பரிசீலிப்பதுதான் மெய்யியலின் வேலை என்றார். மரினாஃப் இதற்கு மாறாகப் பிரச்சினை, உணர்ச்சி, பகுப்பாய்வு, சிந்தனை, சமநிலை என்று ஐந்து படிகள் வகுத்தார். பிரான்ஸின் ஆஸ்கர் பிரெனிஃபியே ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, சுருக்கமான பதில்களைக் கறாராகக் கேட்டு வாங்குவார். வழிகள் இவ்வளவு வேறுபட்டாலும், எல்லாருக்கும் பொதுவாகத் தேவைப்படுவது ஒன்று உண்டு. கேட்பவர் எந்த மனப்பாங்கோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அது. படிகளை மனப்பாடம் செய்துகொண்டு, உள்ளுக்குள் "இவருக்கு நான் புத்தி சொல்ல வேண்டும்" என்ற எண்ணத்தோடு உட்கார்ந்தால், ஐந்து படிகளும் ஐந்து அறிவுரைகளாக மாறிவிடும். மனப்பாங்கு பிறவிக்குணம் என்று நினைப்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. நீச்சல்போல, அதைத் தனித்தனி அசைவுகளாகப் பிரித்துப் பழகலாம்.

முதலில் ஓர் எல்லை

தத்துவ ஆலோசனை சிகிச்சை ஆகாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேறு யாருக்கும் கேட்காத குரல்கள் கேட்கின்றன, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது, வீட்டில் அடி விழுகிறது என்றெல்லாம் ஒருவர் சொன்னால், அங்கே கருத்தாராய்ச்சிக்கு இடமில்லை. "வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன?" என்ற கேள்வியை மெய்யியல் கேள்வியாகவும் கேட்கலாம், சாவை நினைத்துக்கொண்டும் கேட்கலாம். சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் சேர்ப்பது உங்கள் வேலை. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். இந்த இரண்டு எண்களையும் எழுதி மேசையில் வைத்துவிட்டுத்தான் முதல் உரையாடலுக்கே உட்கார வேண்டும்.

நிதானம்

முதல் அசைவு, மெதுவாவது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாமல் இருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். ஆலோசனை அறையில் மூன்று நொடியும் போதாது. கேட்டபின் மனதுக்குள் ஏழுவரை எண்ணுங்கள். வந்தவர் பேசி முடித்தபின்னும் மூன்று எண்ணுங்கள். முக்கியமான வாக்கியம் பல சமயம் அந்த மூன்றுக்குள்தான் வரும். "அவ்வளவுதான்... இன்னொண்ணு..." என்று தொடங்கும் வாக்கியம் அது.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை இரட்டைக் கேள்வி. "அது உங்களுக்கு ஏன் முக்கியம்? அதாவது பணம் போனதா, இல்ல அண்ணன் மதிக்கலைங்கறதா?" முதல் கேள்விக்குப் பின் வந்த மௌனம் கேட்பவரைப் பயமுறுத்தியதால் பிறந்தது இரண்டாவது கேள்வி. அதோடு, விடைக்கான இரண்டு சட்டைகளையும் நாமே தைத்துக் கொடுத்துவிட்டோம். வந்தவர் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார். அவருடைய அளவு என்ன என்பது தெரியாமலே போய்விடும். ஒரு கேள்வி கேட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள்.

"ம்... ம்..." என்ற ஒலியையும் கவனியுங்கள். அடுத்தடுத்து வேகமாகப் போடும் "ம்" என்பது "சீக்கிரம் முடியுங்க" என்றுதான் காதில் விழும். இழுத்துப் போடும் "ம்ம்ம்" ஒப்புதலாகக் கேட்கும். இரண்டையும் குறைத்து, தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

உண்மையாகவே தெரியாமல் இருத்தல்

தனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே கேள்வி கேட்டவர் சாக்ரடீஸ். அந்த அறியாமையைப் பலர் நடிப்பு என்று நினைக்கிறார்கள். விடையைக் கையில் மறைத்துக்கொண்டு கேட்பது பள்ளித் தேர்வு. ஆலோசனையில் அப்படிக் கேட்டால் வந்தவர் ஐந்து நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவார். பிறகு அவர் யோசிப்பதை விட்டுவிட்டு, நீங்கள் எந்த விடையை எதிர்பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கத் தொடங்குவார்.

தமிழில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கேள்வியின் வாலைப் பாருங்கள். "அவர்கிட்ட நேரா பேசிப் பார்க்கக் கூடாதா?" "அது உங்க பணம்தானே?" "அப்படின்னா தப்பு உங்க மேலயும் இருக்கு, இல்லையா?" "கொஞ்சம் பொறுக்கலாமே?" தானே, இல்லையா, கூடாதா, லாமே என்று முடிபவை பெரும்பாலும் கேள்வி வேடம் போட்ட அறிவுரைகள். பழகும் காலத்தில் உங்கள் உரையாடலை, எதிரில் இருப்பவரின் சம்மதத்தோடு, பதிவுசெய்து இந்த வால்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைப் பார்த்ததும் பாதி திருத்தம் தானே நடக்கும்.

"ஏன்" என்ற சொல்லிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எழுத்தில் அது காரணம் கேட்கும் சொல். பேச்சில் "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றால் குற்றம் சாட்டுவதுபோல ஆகிவிடும். வந்தவர் காரணத்தைத் தேடாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சமாதானம் தேடுவார். "எதனால?", "எது உங்களை அப்படிச் செய்ய வெச்சது?", "அப்ப உங்களுக்கு எது சரின்னு பட்டுது?" என்று மாற்றிக் கேட்டால் அதே தகவல் சண்டையில்லாமல் வரும்.

வயதும் உறவுச்சொல்லும் இங்கே குறுக்கே நிற்கும். வந்தவர் உங்களை "அம்மா" என்றோ "அண்ணே" என்றோ கூப்பிட்டால், அந்தச் சொல்லோடு பணிவும் கூடவே வந்துவிடுகிறது. பெரியவர் சொன்னதை மறுக்கக் கூடாது என்பதால் "ஆமாங்க" என்பார். அந்த "ஆமாங்க"வைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவையாவது "நான் சொன்னதுல எது உங்களுக்குச் சரியா படல?" என்று கேளுங்கள். "ஏதாவது சரியா படலையா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "எது" என்று கேட்டால், ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று அவருக்கு அனுமதி கிடைக்கிறது.

நெய்யரியாக இராமல் கேட்டல்

நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூன்று வகையாகப் பிரிக்கும்போது, கடை மாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி, அதாவது பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்வது. கேட்பவர்களில் பலர் அதைத்தான் செய்கிறோம். சம்பவங்கள், தேதிகள், யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் நினைவில் தங்கும். வந்தவர் எந்தச் சொல்லின் மேல் தன் முழு வாதத்தையும் நிறுத்தியிருக்கிறார் என்பது ஒழுகிப்போயிருக்கும்.

பயிற்சி இது. இருவர் எதிரெதிரே உட்காருங்கள். ஒருவர் மூன்று நிமிடம் தனக்குக் குழப்பமாக இருக்கும் ஒன்றைப் பேசட்டும். மற்றவர் குறிப்பெடுக்காமல் கேட்டு, ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவரின் சொற்களையே பயன்படுத்த வேண்டும். பேசியவர் "ஆம், நான் சொன்னது அதுதான்" என்றோ "இல்லை" என்றோ மட்டும் சொல்வார். இல்லை என்றால் மறுபடி. மூன்று முயற்சிக்குப் பிறகும் இல்லை என்றால், முதலில் இருந்து பேச வேண்டும். சுலபமாகத் தோன்றும். செய்து பாருங்கள். "கஷ்டமா இருக்கு" என்றவரிடம் "மன அழுத்தத்துல இருக்கீங்க" என்று திருப்பிச் சொல்வோம். "மதிக்கல" என்றால் "அன்பு காட்டல" என்போம். நம் சொல்லைப் போட்டுவிட்டால் அதன்பின் நடப்பது நம் கருத்தைப் பற்றிய ஆராய்ச்சி.

நாம் அன்றாடம் பேசும் தொடர்கள் சில, யோசனையை மூடிவைக்கும் மூடிகளாகவே இருக்கின்றன. "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று ஒருவர் சொன்னால், "அந்த நாலு பேர் யார் யார்?" என்று கேட்டு, பெயர்களை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது பெயரிலேயே பேனா நிற்கும். அந்த இருவரில் ஒருவர் சொல்வதுதான் உண்மையில் அவரைத் தடுக்கிறது. "மனசு கேட்கல" என்றால் மனசு என்ன சொல்லிற்று என்று கேளுங்கள். "அப்படிச் செய்யக் கூடாதுங்க" என்பதில் எழுவாயே இல்லை. யார் செய்யக் கூடாது, அதை யார் சொன்னது என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

ஓர் உரையாடல், நெருங்கிப் பார்த்தால்

ரெண்டு லட்சத்துக்குத் திரும்புவோம். கற்பனையான மாதிரிதான், ஆனால் உரையாடல் உண்மையில் எப்படி நகரும் என்பதற்கு இது போதும். வந்திருப்பவர் முப்பது வயதுப் பெண். ஆலோசகர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி.

"கேட்டா உறவு போயிடும் மேடம்."

"போயிடும்னு சொல்றீங்க. போயிட்டா எது இல்லாம போகும்?"

"பேச்சுவார்த்தை இருக்காது."

"இப்ப பேச்சுவார்த்தை எப்படி இருக்கு?"

நீண்ட மௌனம். "போன பொங்கலுக்கு அப்புறம் அவர் கூப்பிட்டா நான்தான் போன் எடுக்கிறதில்ல."

"எதனால?"

"எடுத்தா பணத்தைக் கேட்டுடுவேனோன்னு."

"உறவு போயிடக் கூடாதுன்னு கேட்காம இருக்கீங்க. கேட்டுடக் கூடாதுன்னு பேசாம இருக்கீங்க. இந்த ரெண்டும் சேர்ந்து நிக்குதா?"

"...நிக்கல."

"பணம் கொடுத்த அன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

"வெச்சுக்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்."

"அது கடனா, உதவியா?"

"மனசுல கடன். வாயில உதவி."

"அப்ப அண்ணன் எதை வாங்கினார்?"

இங்கே ஆலோசகர் என்ன செய்தார் என்று பாருங்கள். "போயிடும்", "பேச்சுவார்த்தை" என்று வந்தவர் சொன்ன சொல்லையே எடுத்து அடுத்த கேள்வியைக் கட்டினார். கொடுத்த அன்று சொன்ன வார்த்தையை அப்படியே கேட்டார். பொதுக்கருத்தில் மிதந்துகொண்டிருந்த பேச்சு ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தில் கால் ஊன்றியது. ஹெக்மன் தன் குழுக்களில் வலியுறுத்தியதும் இதைத்தான். நடந்த, திட்டமான ஒன்றில் கால் ஊன்றாமல் யோசிக்கக் கூடாது.

வழி தவறக்கூடிய இடங்கள் மூன்று. "நான்தான் எடுக்கிறதில்ல" என்றபோது அந்தப் பெண்ணின் குரல் உடைந்திருக்கும். அங்கே "பரவாயில்லம்மா, யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்கு வழியில்லை. மௌனமாக, முகத்தில் கனிவோடு இருப்பதே அங்கே போதுமான ஆறுதல். இரண்டாவது இடம், முரணைச் சுட்டியது. குரலில் வெற்றி தொனித்தால் வந்தவர் சுருங்கிவிடுவார். மூன்றாவது, "வாயில உதவி" என்ற பதிலுக்குப் பின். "அப்ப அண்ணன் மேல தப்பில்லைதானே?" என்று முடித்துவைக்க நாக்கு துடிக்கும். தப்பு யார் மேல் என்று வந்தவர் கேட்கவே இல்லை.

ஒரு குறையும் இருக்கிறது. "கடனா, உதவியா?" என்பது இரண்டே வாசல் உள்ள கேள்வி. நம்மிடம் மூன்றாவது ஒன்று இருக்கிறது: மொய். அது நோட்டில் எழுதப்படுகிறது, திரும்பி வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது, ஆனால் வட்டி இல்லை, வாய்விட்டுக் கேட்பதும் இல்லை. எப்போது திருப்புவது என்பதைப் பணத்தின் தேவை முடிவுசெய்வதில்லை, அடுத்த வீட்டு விசேஷம் முடிவுசெய்கிறது. அந்தப் பெண்ணின் மனதில் இருந்தது ஒருவேளை மொய்யின் கணக்காக இருக்கலாம். "கடன், உதவி, இல்ல வேற ஏதாவதா?" என்று வாசலைத் திறந்துவைத்துக் கேட்டிருந்தால் அதுவும் வந்திருக்கக்கூடும். ஒரு கருத்தின் எல்லையைத் தொட்டுப் பார்க்க அதன் பக்கத்து வீட்டுக் கருத்தைப் பக்கத்தில் நிறுத்துவது நல்ல வழி. பக்கத்து வீடுகள் நம் ஊரில் எவை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பியப் புத்தகங்களில் மொய் வராது.

எதிர்த்து நிற்கும் துணிவு

தொடக்கத்தில் எதிர்ப்பு என்று சொன்னதற்கு இங்கே வருகிறேன். பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில், லாகிஸ் என்ற படைத்தளபதியிடம் துணிவு என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். வரிசையை விட்டு ஓடாமல் நின்று எதிரியோடு போரிடுவது என்கிறார் லாகிஸ். சித்தியர் என்ற இனத்துக் குதிரைவீரர்கள் பின்வாங்கிக்கொண்டே போரிடுகிறார்களே, அவர்களுக்குத் துணிவில்லையா என்கிறார் சாக்ரடீஸ். நோயில், வறுமையில், கடலின் ஆபத்தில் காட்டும் துணிவு இந்த விளக்கத்துக்குள் வருமா என்றும் கேட்கிறார். லாகிஸ் மாற்றிக்கொள்கிறார்: துணிவு என்பது மன உறுதி. அறிவில்லாத உறுதியும் துணிவா? அவர் திணறுகிறார். கடைசிவரை விளக்கம் கிடைப்பதில்லை. ஆனால் போர்க்களத்தில் பழுத்த ஒரு வீரர், தனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்த ஒன்றை முதன்முறையாகத் திரும்பிப் பார்க்கிறார்.

எதிர் உதாரணம் ஒன்றை முன்வைப்பது அவமதிப்பு என்று நாம் கூச்சப்படுகிறோம். வந்தவர் சொல்வதையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொள்வதுதான் அவரை இளைத்தவராகக் கருதுவது. "இவரால் இதைத் தாங்க முடியாது" என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். ஒருவருடைய வாதத்தை எதிர்த்துப் பார்ப்பது, அவரை யோசிக்கத் தெரிந்தவராக மதிப்பது.

எந்த எதிர்ப்பு உதவும், எது கெடுக்கும் என்பதற்கு, பழைய இந்தியத் தருக்க நூலான நியாய சூத்திரம் தரும் பாகுபாட்டைவிடத் தெளிவான ஒன்றை நாங்கள் கண்டதில்லை. அது பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய இருவர் சேர்ந்து பேசுவது வாதம். எப்படியாவது வெல்லப் பேசுவது சல்பம். தனக்கென்று ஒரு நிலையும் இல்லாமல் எதிராளியின் நிலையை உடைப்பது மட்டுமே விதண்டை. நாம் தினமும் சொல்லும் "விதண்டாவாதம்" அங்கிருந்து வந்த சொல்தான். புதிதாகக் கேள்வி கேட்கப் பழகியவர்கள் மிகச் சுலபமாக விதண்டையில் விழுவார்கள். எந்த விளக்கம் சொன்னாலும் ஒரு விதிவிலக்கைத் தூக்கிப் போடலாம் என்று தெரிந்துவிட்டால் அது ஒரு போதை. உங்களையே சோதித்துக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: இவர் நல்ல பதில் ஒன்றைச் சொல்லிவிட்டால் எனக்கு மகிழ்ச்சியா, ஏமாற்றமா? ஏமாற்றம் என்றால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு, திருப்பிச் சொல்லும் பயிற்சிக்குப் போய்விடுவது நல்லது.

எதிர்ப்பைச் சொல்லும் விதத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது. முதலில் அவருடைய இரண்டு வாக்கியங்களையும் அவர் சொற்களிலேயே அடுத்தடுத்து வையுங்கள். பிறகு "இந்த ரெண்டும் சேருதா?" என்று மட்டும் கேளுங்கள். சேரவில்லை என்ற தீர்ப்பை நீங்கள் சொல்லக் கூடாது. சேரும் என்று அவர் விளக்கினால், உங்களுக்குத் தெரியாத ஒரு வேறுபாட்டை அவர் வைத்திருக்கிறார் என்று பொருள். அதைக் கேட்டு வியக்கத் தெரிய வேண்டும். வியப்பு தனியாகப் பழகும் மனப்பாங்கு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நிதானமும் அறியாமையும் இருந்தால் அது தானாகவே வரும்.

குழுவாகப் பழகுவது

மேலே சொன்னவற்றை முதலில் இன்னொருவரின் வாழ்க்கைச் சிக்கலில் பழகாதீர்கள். குழுவில் பழகுங்கள். 6 முதல் 10 பேர், இரண்டரை மணி நேரம், ஒரு கரும்பலகை போதும். கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: "எப்போது ஒரு வாக்கை மீறுவது சரி?" ஒவ்வொருவரும் தன் வாழ்வில் நடந்து முடிந்த ஒரு சம்பவத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும். கற்பனையாக "ஒருத்தர் இப்படிச் செய்தால்" என்று தொடங்குவதை அனுமதிக்க வேண்டாம். அதில் யாரும் எந்த விவரத்தையும் மாற்றிக்கொள்ளலாம், கால் ஊன்ற இடமிருக்காது. இன்னும் முடியாத பிரச்சினையும் வேண்டாம். குழு அங்கே யோசிப்பதை விட்டு உதவி செய்யக் கிளம்பிவிடும்.

சம்பவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சொன்னவர் எந்த இடத்தில் "இது சரி" என்று முடிவுசெய்தார் என்பதை ஒரே வாக்கியமாகப் பலகையில் எழுதுங்கள். அவருடைய சொற்களில். பிறகு அந்த முடிவுக்கு அவர் வைத்திருந்த காரணம், அந்தக் காரணத்துக்குப் பின்னால் இருக்கும் பொதுவிதி என்று பின்னோக்கிப் போங்கள். பொதுவிதி கிடைத்ததும் மற்றவர்களின் சம்பவங்களில் அதைப் பொருத்திச் சோதியுங்கள். இரண்டரை மணி நேரத்தில் பெரும்பாலும் பொதுவிதி வரைக்கும்கூடப் போக முடியாது. அது தோல்வி ஆகாது. ஹெக்மனின் வழியில் வந்த குழுக்கள் ஒரே கேள்விக்குச் சில நாட்களைக்கூட ஒதுக்குவதுண்டு.

குழுவை நடத்துபவர் தன் கருத்தைச் சொல்லவே கூடாது. கேள்வியை விட்டுப் பேச்சு நழுவினால் இழுத்துவருவதும், ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா என்று திருப்பிச் சொல்லவைப்பதும்தான் அவர் வேலை. நேரம் போகப் போக ஒரு குரல் எழும்: "சரி, அப்படியே வெச்சுக்கலாம்." அது களைப்பின் சம்மதம். அதைப் பலகையில் எழுதாமல், எந்தக் கேள்வியில் நிற்கிறோம் என்பதை எழுதிவிட்டுக் கலையுங்கள். கடைசிப் பதினைந்து நிமிடம், பேசிய பொருளை விட்டுவிட்டு, பேசிய விதத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். யார் குறுக்கே பேசினார், எங்கே அவசரப்பட்டோம், யாருடைய கருத்து கேட்கப்படாமல் போனது? வெளிப்படையாகப் பேசினால் மனப்பாங்கு வேகமாகத் திருந்துவது இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான்.

இப்படி ஏழெட்டுச் சந்திப்புகளுக்குப் பிறகு இருவர் உரையாடலுக்கு வரலாம். 60 நிமிடம் போதும். முதல் 10 நிமிடத்தில் வந்தவரின் சிக்கலை ஒரே கேள்வியாக, கேள்விக்குறியோடு, அவர் கையாலேயே எழுதவையுங்கள். கடைசி 5 நிமிடத்தில் அதே தாளின் கீழே, இப்போது அந்தக் கேள்வி எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். தாள் அவருடையது, அவரே எடுத்துச் செல்லட்டும். அந்தப் பெண்ணின் தாளில் மேலே "அண்ணனிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?" என்று இருந்தால், கீழே "கடன் என்று நான் சொல்லாததை இப்போது கடன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?" என்று இருக்கலாம். அடுத்த சந்திப்பு ஒரு வாரம் கழித்து, இந்தக் கீழ்க்கேள்வியில் இருந்து தொடங்கும்.

அவர் போனபின் ஆலோசகருக்குப் பத்து நிமிட வேலை பாக்கி இருக்கிறது. நினைவில் உள்ள தன் கேள்விகளை வரிசையாக எழுத வேண்டும். விடை முன்பே தெரிந்து கேட்டவற்றுக்கு ஒரு புள்ளி, மௌனம் தாங்காமல் கேட்டவற்றுக்கு இரண்டு புள்ளி. வந்தவரின் பெயரோ ஊரோ அந்தத் தாளில் இருக்கக் கூடாது.